கூபேயா, ஓப்பன் டாப்பா? ஏற்காடு ஏறி இறங்கிய கணக்கு

"கூரை இல்லாத வீட்டுக்கு யாராவது கூடக் காசு கொடுப்பாங்களா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். கூரை திறக்கிற கார் வாங்கலாமா என்று நான் பேச்செடுத்தபோது, சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை என்பதால் நானும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சும்மா இருந்தேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு என்னிடமும் பதில் இல்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அவருக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு ஐம்பது முடிந்த வருடம் என் பெயரில் இருந்த மனை ஒன்று நல்ல விலைக்குப் போனது. பிள்ளைகள் படிப்பு முடிந்துவிட்டது, கடன் இல்லை, நகை மேல் எனக்கு ஆசையும் கிடையாது (நாள் முழுக்கக் கொலுசு எடை போடுகிறவளுக்கு எங்கிருந்து வரும்?). அந்தப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, இரண்டு பேர் உட்காருகிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, ஏற்கெனவே நாலைந்து வருடம் ஓடியது, வாங்குவது என்று தீர்மானித்தேன். சொந்தபந்தங்கள் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுதினால் இடம் போதாது.

நான் பார்த்து வைத்த மாடல் இரண்டு உருவத்தில் வருகிறது. ஒன்று கூரை நிரந்தரமாக மூடிய கூபே. இன்னொன்று பட்டனை அழுத்தினால் துணிக்கூரை மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும் கன்வெர்ட்டிபிள். என்ஜின் ஒன்று, கியர்பாக்ஸ் ஒன்று, உள்ளே ஸ்டியரிங் முதல் சீட் வரை எல்லாம் ஒன்று. கூபே கோயம்புத்தூரில் விலைக்கு இருந்தது, கன்வெர்ட்டிபிள் பெங்களூரில். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் கம்பெனியைப் பற்றிச் சண்டை போடப் போய்விடுவீர்கள், கூரையை மறந்துவிடுவீர்கள்.

என் தம்பி மகன் எஞ்சினியரிங் மூன்றாம் வருடம். தூக்கத்தில் கூட கார் பற்றித்தான் பேசுவான். "அத்தை, யோசிக்கவே வேண்டாம். கூபேதான்" என்றான். காரணம் கேட்டேன். மாம்பழ அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாலு மடிப்பும் மூடி டேப் ஒட்டிய பெட்டியை இரண்டு மூலையில் பிடித்து முறுக்கச் சொன்னான். அசையவில்லை. டேப்பைக் கிழித்து மேல் மடிப்புகளைத் திறந்துவிட்டு மறுபடி முறுக்கச் சொன்னான். கை போன போக்கில் நெளிந்தது. "இதான் உங்க ஓப்பன் டாப்பு."

அவன் சொன்னது சரிதான். காரின் கூரை வெயில் மறைக்க மட்டும் போட்டது இல்லை. முன்கண்ணாடிச் சட்டத்தையும் பின்பக்கத்தையும் பிடித்துக் கட்டி வைத்திருக்கிற உறுப்பு அது. அதை எடுத்துவிட்டால் உடம்பு நெளியும். நெளியாமல் இருக்கத் தரைக்கு அடியிலும் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பிலும் கூடுதல் இரும்பு சேர்க்கிறார்கள். முன்கண்ணாடித் தூண்களைத் தடிப்பாக்குகிறார்கள். கவிழ்ந்தால் தலை காக்க சீட்டுக்குப் பின்னால் வளையம் வைக்கிறார்கள். இதோடு கூரையை மடக்குகிற மோட்டாரும் சேர்ந்து எடை ஏறுகிறது. இன்றைய போர்ஷே 911-ல் மூடியதற்கும் திறப்பதற்கும் சுமார் 70 கிலோ வித்தியாசம். ஒரு ஆளை எப்போதும் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி.

ஆனால் எல்லா வண்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அதே கம்பெனியின் பாக்ஸ்டர் 1996-ல் திறந்த வண்டியாகத்தான் பிறந்தது. அதற்குக் கூரை போட்ட கெய்மன் 2005-ல் வந்தது. எடையில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. முதலிலேயே கூரை இல்லை என்று நினைத்து வரைந்த வண்டிக்கும், கூபேயாக வரைந்துவிட்டுப் பிறகு கூரையை அறுத்தெடுத்த வண்டிக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மாஸ்டாவின் எம்.எக்ஸ்-5 1989-லிருந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. அதுவும் திறந்ததாகவே பிறந்த ஜாதி. கடைசியாக வந்த பி.எம்.டபிள்யூ. இசட் 4-ம் டொயோட்டா சூப்ராவும் ஒரே அடித்தளத்தில் செய்தவை. ஒன்று துணிக்கூரை மட்டும், இன்னொன்று மூடியது மட்டும் என்று கம்பெனிகளே பங்கு பிரித்துக்கொண்டன. ஆகவே நீங்கள் வாங்க நினைக்கும் வண்டியின் பிறப்பைக் கேளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைக்கும். நான் பார்த்தது திறந்ததாகப் பிறந்த வகை. தம்பி மகனின் அட்டைப்பெட்டி வாதம் அதோடு கொஞ்சம் பலவீனமானது.

இந்தப் பேச்சையெல்லாம் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு எழுபத்தாறு வயது. "கூபேன்னா ரயில்ல வருமே பாப்பா, ரெண்டு பேர் மட்டும் படுத்துட்டுப் போற ரூமு. அதுவா?" என்றார். சிரித்துவிட்டோம். ஆனால் அம்மா சொன்னதும் அதேதான், சொல் ஒன்றுதான். பிரெஞ்சில் கூபே என்றால் வெட்டப்பட்டது. குதிரை வண்டிக் காலத்தில் நீளமான வண்டியின் ஒரு பாதியை வெட்டிவிட்டு இரண்டு பேருக்கு மட்டும் என்று செய்ததற்கு வந்த பெயர். வெட்டியது என்ற பெயர் மூடிய வண்டிக்குப் போனதும், நிஜமாகவே கூரையை வெட்டிய வண்டிக்கு வேறு பெயர் வந்ததும் வேடிக்கைதான்.

சரி, எப்படி முடிவு செய்தேன் என்பதற்கு வருகிறேன்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காபி, மிளகுத் தோட்டம் இருக்கிறது. வாரத்தில் ஒரு தடவையாவது மேலே போகிறவள் நான். என் மலைப்பயணம் எல்லாம் ஒரே பாதை: அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. கன்வெர்ட்டிபிள் வாங்கியவர்கள் பலர் பிறகு சொல்வது, "எங்கங்க திறக்கிறது, ஒரே வெயில்" என்பதுதான். அதனால் காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்தேன். பட்டறைச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும். மூன்று மாதம், என் சின்னக் காரை எடுத்துக்கொண்டு எங்கே போய் வந்தாலும், அன்றைய தாளைக் கிழிக்கும் முன் அதில் ஒரு எழுத்து எழுதினேன். இன்றைக்குக் கூரை திறக்கிற வண்டி இருந்தால் நிஜமாகத் திறந்திருப்பேனா? திறந்திருப்பேன் என்றால் 'தி'. இல்லையென்றால் 'மூ'. பக்கத்தில் நேரம். ஏமாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, 'தி' எழுத வேண்டுமானால் அந்தப் பயணத்தில் ஏ.சி.யை அணைத்து நாலு கண்ணாடியையும் இறக்கி ஓட்டியிருக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டேன்.

மாசி, பங்குனி, சித்திரை. சேலத்துக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மூன்று மாதத் தாளையும் தரையில் பரப்பிப் பார்த்தபோது ஊருக்குள் போன பயணங்கள் அத்தனையும் 'மூ'. ஐந்து ரோடு சிக்னலில் நண்பகலில் கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன், ஒரே ஒரு நாள். போதும் போதும் என்றாகிவிட்டது. 'தி' வாங்கிய தாள் எல்லாமே ஒன்று காலை எட்டு மணிக்கு முன், அல்லது மாலை ஆறுக்குப் பின். அதிலும் முக்கால்வாசி மலைப்பாதை. மேலே ஏற ஏற ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. சித்திரையில் கீழே 40 டிகிரி கொதிக்கும்போது மேலே 30-ஐ ஒட்டித்தான் நிற்கும். பத்தாவது வளைவு தாண்டினால் காற்றே வேறு. சுருக்கமாக, என் வாழ்க்கையில் கூரை திறக்கும் நேரம் வாரத்துக்கு மூன்று மணி நேரம் தேறும்.

மூன்று மணி நேரத்துக்காக இவ்வளவா? வாரத்தில் மூன்று மணி நேரத்துக்குத்தான் நான் ஸ்போர்ட்ஸ் காரே கேட்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. மீதி வேலைக்கு வேறு கார் இருக்கிறது, ஸ்கூட்டி இருக்கிறது. இருக்கும் ஒரே கார் இதுதான் என்றால் என் கணக்கு தலைகீழாகியிருக்கும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எத்தனை பேர் நிறத்தையும் சக்கரத்தையும் பற்றி விவாதிக்கிறார்கள்!

இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். கோயம்புத்தூர் கூபே தங்கம். கதவைச் சாத்தினால் வெளி உலகம் இல்லை. தார் பெயர்ந்த இடத்தில் ஏறி இறங்கினாலும் ஒரே கல்லில் செதுக்கிய மாதிரி இருந்தது. பின்னால் சரிவான பெரிய கண்ணாடிக் கதவு, டிக்கியில் இரண்டு பெட்டி தாராளமாக வைக்கலாம். ஆனால் அந்தச் சரிவுக் கண்ணாடி வெயிலில் அடுப்பு. அரை மணி நேரம் வெளியே நின்ற வண்டிக்குள் ஏறியதும் பிடரியில் சுட்டது. பெங்களூர் வண்டியில் கரடுமுரடான ரோட்டில் முன்கண்ணாடிச் சட்டம் மெல்ல நடுங்கியது. உள்ளே இருக்கும் ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் வந்த ஆட்டோ கொஞ்சம் ஆடித் தெரிந்தது. நல்ல ரோட்டில் அந்த நடுக்கம் இல்லை. துணிக்கூரையை மூடி நெடுஞ்சாலையில் போனபோது பக்கத்து லாரியின் டயர் சத்தம் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. கூபேயோடு ஒப்பிட்டால் இரண்டாம் வகுப்புப் பெட்டிக்கும் ஏ.சி. பெட்டிக்கும் உள்ள வித்தியாசம்.

அந்த நிலையில் தராசு கூபே பக்கம்தான் சாய்ந்திருந்தது. அதைத் திருப்பியது பக்கத்துத் தோட்டத்துக்காரரின் ஜீப்.

ஒரு காலை என் கார் பஞ்சர். அடிவாரத்தில் அவர் பார்த்துவிட்டு, "வாங்கம்மா, மேலே தானே போறேன்" என்று ஏற்றிக்கொண்டார். தார்ப்பாய் சுருட்டிய பழைய ஜீப். அப்பாவும் இப்படி ஒன்று வைத்திருந்தார். செக்போஸ்ட் தாண்டியதும் ஓரம் கட்டி, தார்ப்பாயைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் ஏற ஆரம்பிப்பார். ஒவ்வொரு வளைவிலும் அவர் அண்ணாந்து பார்ப்பார். குரங்கைப் பார்க்கிறார், மரத்தைப் பார்க்கிறார் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அன்றைக்கு ஜீப்பில் மூன்றாவது வளைவை நெருங்கும்போது, தானாக என் தலையும் அண்ணாந்தது. தலைக்கு மேலே, அடுத்த அடுக்கு ரோட்டில், இறங்கி வரும் பஸ்ஸின் வயிறு தெரிந்தது. ஜீப்காரரும் அதைப் பார்த்துவிட்டார். வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்றார். பஸ் அகலமாக வீசித் திரும்பிப் போனது.

கொண்டை ஊசியில் நீங்கள் போய்ச் சேர வேண்டிய ரோடு எதிரில் இருக்காது, உங்கள் தோளுக்கு மேலே இருக்கும். உயரமான காரில் பக்கக் கண்ணாடி வழியாகக் கொஞ்சமாவது தெரியும். ஸ்போர்ட்ஸ் காரில் நாம் கிட்டத்தட்டத் தரையில் உட்கார்ந்திருக்கிறோம். கூரையின் விளிம்பும் முன்தூணும் சேர்ந்து சரியாக அந்த மேல் ரோட்டைத்தான் மறைக்கும். கோயம்புத்தூர் கூபேயில் உட்கார்ந்து கழுத்தை வளைத்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. கூரை இல்லையென்றால் மேல் அடுக்கு முழுசாகத் தெரிகிறது. பஸ் ஹாரன் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் காதுக்குத் தெளிவாகப் புரிகிறது. அகலம் பற்றாத மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை என்று சட்டம் சொல்கிறது. நிறைமாதமாக இறங்கி வரும் பஸ்ஸிடம் அந்தச் சட்டத்தை நீட்டிக்கொண்டு நிற்பதைவிட முன்கூட்டியே பார்த்து ஒதுங்குவது மேல். ஸ்போர்ட்ஸ் கார் பற்றிய எந்த விளம்பரத்திலும் இதை நான் பார்த்ததில்லை. ஸ்டாப்வாட்ச் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டாகத் தெரியாமல் இருக்கலாம். இருபது வளைவில் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் போகிற எனக்கு உடம்பு விறைப்பு பெரிதாகத் தெரியவே இல்லை, மேலே என்ன வருகிறது என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் பெங்களூர் போனேன்.

பழைய கன்வெர்ட்டிபிள் வாங்குகிறவர்கள் என்ஜினுக்கு முன் கூரையைப் பாருங்கள். என்னோடு வந்த மெக்கானிக் தம்பி கொண்டலாம்பட்டிக்காரர், லாரியும் பார்ப்பார், பென்ஸும் பார்ப்பார். அவர் வந்ததும் செய்தது, கூரையை ஐந்து தடவை தொடர்ந்து திறந்து மூடியது. விற்பவர் முகம் கொஞ்சம் மாறியது. "ஒரு தடவை எல்லா வண்டியும் திறக்கும்க்கா, அஞ்சாவது தடவைதான் நோய் தெரியும்" என்றார். இழுபறி இல்லாமல் ஒரே வேகத்தில் போகிறதா, ஒரு பக்கம் முந்திக்கொண்டு வருகிறதா, உள்ளே எங்காவது எண்ணெய் கசிகிறதா. அப்புறம் துணி மடிகிற கோடுகளில் விரலால் தடவிப் பார்த்தார், நூல் தேய்ந்திருக்கிறதா என்று. பின்கண்ணாடி நிஜக் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்றும் பார்க்க வேண்டும். பழைய மாடல்கள் சிலவற்றில் பிளாஸ்டிக்தான், வெயிலில் மஞ்சள் பூத்து மங்கிவிடும். கடைசியாகக் கால்மிதியைத் தூக்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் கை விட்டு முகர்ந்து பார்த்தார். ஊறிய சாக்கு வாசம் வந்தால் எழுந்து வந்துவிட வேண்டும். சீட் தண்டவாளத்தில் துருவும் அதே கதையைத்தான் சொல்லும். பிறகு ஹோஸ் பைப்பால் கூரை மேல் பத்து நிமிடம் தண்ணீர் விடச் சொன்னார். கதவு ரப்பர் பீடிங் ஓரம் ஒரு சொட்டு. அதைக் காட்டியே விலையில் கொஞ்சம் குறைத்தோம்.

கர்நாடகப் பதிவு என்பதால் அங்கே என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வாழ்நாள் வரி கட்டி, எண் மாற்ற வேண்டியிருந்தது. கோயம்புத்தூர் வண்டியாக இருந்தால் அந்தச் செலவும் அலைச்சலும் இல்லை. இரண்டு விலையை ஒப்பிடும்போது இதைக் கூட்டிப் பார்க்காமல் ஏமாந்தவர்கள் நிறைய. நான் கூட்டிப் பார்த்தேன், ஆனாலும் வாங்கினேன்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. சுகத்தை எழுதினால் பொய் மாதிரி இருக்கும், கஷ்டத்தை எழுதுகிறேன்.

முதலாவது, குரங்கு. மலைப்பாதையில் வண்டி நிற்கும் இடமெல்லாம் அவர்கள் ராஜ்ஜியம். வாங்கிய இரண்டாம் வாரம், வளைவு ஒன்றில் வேடிக்கை பார்க்க நிறுத்தினேன். கூரை திறந்திருந்தது. தட்டுவடை செட் பொட்டலம் பக்கத்துச் சீட்டில். நான் இறங்கிக் கதவைச் சாத்தவும், ஒருவர் உள்ளே இறங்கவும் சரியாக இருந்தது. பொட்டலத்தைப் பிரித்து, காரச் சட்னியை முகர்ந்துவிட்டு, அதை மட்டும் என் சீட்டில் கவிழ்த்துவிட்டுப் போனார். இரண்டு நிமிடம் நின்றாலும் கூரை மேலே ஏறிவிட வேண்டும் என்பது அன்றிலிருந்து சட்டம். சாப்பாட்டுப் பொருள் டிக்கிக்குள்.

இரண்டாவது, பஸ் புகை. ஏறும்போது முன்னால் ஒரு பஸ் மாட்டினால் அதன் புகை நேராக மடியில் விழும். முந்துவதற்கு அவசரப்படாமல், அகலமான இடத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிடுகிறேன். காற்றும் ஒரு விசித்திரம். முன்கண்ணாடிக்கு மேலே ஏறிப் போகிற காற்று பின்னால் சுருண்டு வந்து பிடரியில்தான் அடிக்கும். பக்கக் கண்ணாடிகளை ஏற்றி, சீட்டுக்குப் பின்னால் வலைத் தடுப்பு மாட்டினால் பாதி அடங்கும். மார்கழியில் கூரையைத் திறந்து, காலுக்கு மட்டும் ஹீட்டர் போட்டுக்கொண்டு பனிக்குள் ஏறுவது இருக்கிறதே... சரி, கஷ்டம் மட்டும்தான் என்று சொன்னேன்.

வெள்ளிச் சரக்கை இந்த வண்டியில் நான் ஏற்றுவதே இல்லை. ஒரு பிளேடு போதும் துணியைக் கிழிக்க. மதிப்புள்ள எதையும் வண்டிக்குள் வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஒன்றும் இல்லை என்று வெளியிலிருந்தே தெரியும்படி சீட்டைக் காலியாக விடுவதுதான் நல்ல பூட்டு. வங்கிக்கு, வரிவேலைக்கு, கோயம்புத்தூருக்கு என்றெல்லாம் போகிறவராக இருந்தால் நான் கூபேதான் வாங்கியிருப்பேன். இதைத் தம்பி மகனிடமும் ஒத்துக்கொண்டேன். அவன் அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறான்.

வேகத்தடைக்கு இரண்டு உருவமும் ஒன்றுதான், இரண்டும் அடி வாங்கும். விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் நீளச் சரிவு. நம் ஊரில் தெருவுக்குத் தெரு அவரவர் விருப்பப்படி போட்டுக்கொள்கிறார்கள். சாய்வாக ஏறி இறங்கப் பழகிக்கொண்டேன். இந்த மாதிரி வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னியும் கிடையாது, டயருக்குள் ஊற்றுகிற பசையும் சின்ன பம்ப்பும்தான். மலையில் டயர் பக்கவாட்டில் கிழிந்தால் அந்தப் பசை உதவாது. தூக்கிச் செல்லும் வண்டியின் எண்ணை முன்கூட்டியே போனில் போட்டு வையுங்கள்.

அம்மாவை ஏற்றுவது பெரிய கவலையாக இருந்தது. முழங்கால் வலி, வண்டியோ முழங்கால் உயரம். ஆனால் இதில் ஓப்பன் டாப் எதிர்பாராத உபகாரம் செய்தது. கூபேயில் தலையைக் குனிந்து, உடம்பை மடக்கி, பக்கவாட்டில் நுழைய வேண்டும். கூரை திறந்திருந்தால் நின்றபடியே பின்னால் திரும்பி, நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே எடுத்து வைத்தால் முடிந்தது. குனிய வேண்டியதே இல்லை. எழும்போது மட்டும் நான் கை கொடுக்க வேண்டும். வயதானவர்கள் உள்ள வீட்டில் இதை ஷோரூமிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். வெட்கப்படாமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பகோடா பாயிண்ட்டில் ஒருநாள் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு, 1963-ல் வந்த மெர்சிடிஸ் 230 எஸ்.எல். வண்டிக்கும் பகோடா என்றுதான் பட்டப்பெயர், அதன் கழற்றி மாட்டும் கூரை நடுவில் குழிந்து இருக்கும் என்று சொன்னேன். "பகோடா எங்க கண்ணு விக்குது?" என்று கேட்டார்.

வெயிலில் நின்ற வண்டிக்குள் ஏறும் முன் கூரையை ஒரு நிமிடம் திறந்து மூடினால் உள்ளே தேங்கிய அனல் மொத்தமும் போய்விடும். அப்புறம் ஏ.சி. போட்டால் சீக்கிரம் குளிரும். கூபேயில் இந்த வசதி கிடையாது. நனைந்த துணியை மட்டும் மடக்கி வைக்கக் கூடாது, பூஞ்சை பிடிக்கும், மடிப்பில் கறை நிற்கும். மழையில் நனைந்தால் மூடியபடியே காயவிட வேண்டும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை பீடிங் பக்கம் காட்டவே விடாதீர்கள். மென்மையான பிரஷ், சாதாரணத் தண்ணீர், துணிக்கூரைக்கென்று விற்கும் ஷாம்பு, அவ்வளவுதான்.

கடைசியாக, வடிகால். இது முழுக்க என் தவறு. கூரை மடிந்து உட்காரும் பள்ளத்தின் இரண்டு மூலையிலும் சின்னத் துளை இருக்கும். கூரையில் வழியும் மழைநீர் அதன் வழியாகக் குழாயில் இறங்கி வண்டிக்கு அடியில் கொட்டும். தோட்டத்தில் நான் வண்டியை நிறுத்துவது சில்வர் ஓக் மரத்தடியில். புத்தகத்தில் வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மறந்துபோனேன். ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலடியில் கார்ப்பெட் சதசதவென்றிருந்தது. சீட்டுக்கு அடியில்தான் பல வண்டிகளில் எலக்ட்ரானிக் பெட்டிகள் இருக்கும். தண்ணீர் அதுவரை ஏறவில்லை, அது என் நல்ல நேரம்.

மெக்கானிக் தம்பி வந்தார். காற்று அடித்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், வேகமாக அடித்தால் உள்ளே குழாய் இணைப்புக் கழன்றுவிடும் என்று சொல்லி, புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பை ஒரு முழம் வெட்டி எடுத்தார். முனையைத் தீயில் காட்டி உருண்டையாக்கினார், குழாயைக் குத்திவிடாமல் இருக்க. மெதுவாக உள்ளே விட்டுத் திருகித் திருகி இழுத்தார். வந்தது: சில்வர் ஓக் சருகுத் தூள், காய்ந்த காபிப் பூ, அதோடு சுருட்டிக்கொண்டு ஒரு சாண் வாழைநார்.

வாழைநாரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அடிவாரத்தில் கிளம்பும்போது அம்மா தலையில் நாலு முழம் மல்லிகை இருக்கும், ஏற்காடு ஏரி போய்ச் சேரும்போது கொண்டை மட்டும் இருக்கும். பூ எங்கே போகிறது என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

இப்போது பூவை எவர்சில்வர் டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்து எடுத்துப் போகிறோம். மேலே இறங்கியதும் வைத்துக்கொள்கிறார். நைலான் நரம்பு டேஷ்போர்டுக்குள் இருக்கிறது, மாதத்தின் முதல் ஞாயிறு அதற்கு வேலை.